பதினாலு, மேற்படி

என் தங்கச்சி புருஷனுக்குப் பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அது அவன் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. ஏரிக்கரையில் எல்லோருக்கும் அவன் 'மேற்படி'. வலைக்காரர்கள், மதகைத் திறந்து மூடுகிறவர், ஐஸ் வண்டிக்காரர், யாரைக் கேட்டாலும் மேற்படிதான்.

அந்தப் பெயரைச் சூட்டியது என் தங்கச்சி. அவன் ஏரிக் காவலர். கரைமேல் ஒற்றை அறை, அதில் ஓர் இரும்பு மேசை, கம்பிவலை அடித்த ஜன்னல், ஒரு பீரோ, ஆணியில் கயிறு கட்டித் தொங்கும் பேனா. மேசைமேல் பெரிய பதிவேடு. தினமும் ஏரியைச் சுற்றிப் பார்த்து அதில் எழுத வேண்டும். ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோன தங்கச்சி அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டாள். நீர்நாய் என்று அச்சடித்த கட்டத்தில் பக்கத்தின் உச்சியில் 'பதினாலு' என்று ஒரு தடவை எழுதியிருந்தது. அதற்குக் கீழே முப்பது வரியிலும் மேற்படி, மேற்படி, மேற்படி.

"ஏங்க, இந்த ஒரு வார்த்தைய எழுதத்தான் காலங்காத்தால குளிச்சு முழுகிட்டு ஓடுறீங்களா? வீட்லயே உக்காந்து எழுதலாமே, நெழலாவது இருக்கும்."

அன்றைக்குத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரி என்ன சமையல் என்று கேட்டால் "மேற்படி" என்பாள். அவன் சட்டையைத் துவைத்துப் போட்டால் "மேற்படியோட சட்டை" என்பாள். கரைக்கு அந்தப் பெயர் வந்து சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவனும் சிரித்துக்கொள்வான். கோபமே வராத ஆள். எனக்கு அதுதான் எரிச்சல்.

அவன் சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. நீர்மட்டம் எழுதும் கட்டத்தைப் பாருங்கள், விரல்கடை பிசகாமல் எழுதியிருப்பான். காய்ச்சலில் கிடந்தபோதும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போய் அளவுகோலைப் பார்த்துவிட்டு வந்தவன். வேலைக்கு வந்த முதல் வருஷம் நீர்நாயையும் அப்படித்தான் எண்ணினான். என் படகில்தான் வருவான். நான் அந்த ஏரியில் இன்ஜின் படகு ஓட்டுகிறவன், மீன்பெட்டியையும் ஆட்களையும் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றி இறக்குகிற வேலை. அக்கரையில் ஏரி மடங்குகிற இடத்தில் பெரிய நாணல் திட்டு. அதன் விளிம்பில் ஒரு தட்டைப் பாறை. அங்கே ஒரு நாள் காலையில் ஒன்று இரண்டு என்று எண்ணிப் பதினாலில் நிறுத்தினான். குட்டிகள் மூன்று. அதையும் எழுதினான்.

அடுத்த வருஷம் பதிமூன்று என்று எழுதினான். அங்கேதான் வினை பிடித்தது. எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணத்தை மூன்று நாளில் விளக்கவும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. போனான். வராந்தாவில் அரை நாள் நிற்க வைத்தார்கள். அப்போதிருந்த அதிகாரி கேட்டாராம்: "செத்துச்சா, போச்சா? செத்துச்சுன்னா உடம்பு எங்க? போச்சுன்னா எங்க போச்சு? சொல்லிட்டுப் போகலியா?" இவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறான். திரும்பி வந்து பதிமூன்றை அடித்துவிட்டுப் பதினாலு என்று எழுதினான். அடுத்த நாள் மேற்படி. கேட்பார் இல்லை. மறுநாளும் மேற்படி. எண்ணிக்கை மாறினால்தான் கேள்வி வரும், மாறாவிட்டால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டான். அப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

எனக்கும் தெரியும். படகில் போகிறவன் கண்ணுக்குப் படாததா? அவை ஐந்தாகப் போவதைப் பார்த்தேன், பிறகு இரண்டாக, பிறகு பார்க்கவே இல்லை. இல்லாமல் போகிறதை யார் உட்கார்ந்து கவனிக்கிறார்கள்? பல் விழுந்தால் நாக்குக்காவது தெரியும். இது அப்படியும் இல்லை. உண்மையைச் சொன்னால், அவை குறைந்தபோது வலைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான். இருபது வயதில் அப்பாவோடு வலை போட்டபோது, கூட்டமாக வந்து வலையைக் கிழித்து மீனை எடுத்துக்கொண்டு போகும். துடுப்பால் இரண்டை அடித்துக் கொன்றிருக்கிறேன். ஒன்று சாகும்போது கையைத் தூக்கிக்கொண்டது, மனுஷக் கை மாதிரி. அப்பா பெருமையாக முதுகில் தட்டினார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, மீன்பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். மேற்படி கரையில் ஒரு காகிதத்தோடு நின்றான்.

"மச்சான், இதக் கொஞ்சம் படிங்க. எனக்குப் புரிஞ்சது சரியான்னு பாக்கணும்."

நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அக்கரை நாணல் திட்டை வெட்டி எடுத்துவிட்டு, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் படகுத்துறை கட்டப் போகிறார்கள். அடுத்த வியாழக்கிழமை இயந்திரம் வரும். கீழே ஒரு வரி: 'இவ்வேரியில் நீர்நாய்கள் பதினோரு ஆண்டுகளாக எண்ணிக்கை குறையாமல் பதினான்காக உள்ளதால், தனிப் பாதுகாப்புத் தேவை எழவில்லை.'

"நீ எழுதுனதத்தானே மாப்ள எழுதியிருக்காங்க."

"ஆமா."

"கடைசியா எப்போ பாத்த?"

அவன் தண்ணீரைப் பார்த்தான். "மூணு வருஷம் இருக்கும். நாலா இருந்தாலும் இருக்கும்."

"பதினாலையும் நீயே பேனாவால வளத்துட்ட."

வழக்கமாக இதற்குச் சிரிப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "வளக்கல மச்சான். எழுதியே கொன்னுட்டேன். அந்தத் திட்டு ஒண்ணுதான் மிச்சம். இனி ஒண்ணு உயிரோட இருந்தா அங்கதான் இருக்கும்."

அப்போதே அலுவலகத்துக்குப் போன் போட்டான். புதிதாக வந்த கள அதிகாரி ஒரு சின்ன வயசு அம்மா. நல்ல மாதிரி. அவன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். எனக்கும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக வைத்திருந்தான். அந்த அம்மா குறுக்கிடாமல் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நிறைய இருந்தா வெட்டலாம்னு விதி இருக்கு. ஒண்ணுமே இல்லன்னாலும் வெட்டலாம். கொஞ்சமா இருந்தாத்தான் நிறுத்த முடியும். ஒண்ணே ஒண்ணு இருந்தாக்கூடப் போதும். ஆனா கண்ணால பாத்து, பதிவேட்டுல எழுதியிருக்கணும். புதன்கிழமைக்குள்ள."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பதினாலு இருந்தாலும் போச்சு, ஒன்றும் இல்லையென்றாலும் போச்சு. ஒன்று வேண்டும். இந்தப் பெரிய தண்ணீரில் அந்த ஒன்று.

"ஒண்ணுன்னு எழுதிட்டுப் போயேன் மாப்ள," என்றேன். "பதினோரு வருஷமாப் பொய் எழுதுன கைதானே. இன்னும் ஒண்ணு எழுதுனா வலிக்குமா?"

"அதனாலதான் மச்சான் முடியல," என்றான்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழி போட்டுத் தள்ளினேன். நாணலுக்குள் ஒவ்வொரு சந்தாகப் போய்ப் பார்த்தான். பாறைமேல் ஏறி மண்டியிட்டு மூக்கை வைத்து மோந்தான். நீர்நாய் ஒரே இடத்தில் எச்சம் போடும், மீன் செதில் கலந்து வெள்ளையாக இருக்கும், நாற்றம் தூக்கும். பாறை காய்ந்து சுத்தமாக இருந்தது. வெயில் ஏறியதும் திரும்பினோம். பதிவேட்டில் 'பார்க்கவில்லை' என்று எழுதினான். பதினோரு வருஷத்தில் அந்தக் கட்டத்தில் விழுந்த முதல் புது வார்த்தை.

வெள்ளிக்கிழமை பார்க்கவில்லை. சனிக்கிழமை திடீரென்று படகில் எழுந்து நின்று "அதோ! அதோ மச்சான்!" என்று கத்தினான். படகு கவிழ இருந்தது. நானும் பார்த்தேன். தண்ணீரில் ஒரு தலை, பின்னால் கோடு இழுத்துக்கொண்டு வந்தது. கிட்டே வந்ததும் பார்த்தால் மதகுக்காரர் வளர்க்கும் நாய். வலைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்ன மேற்படி, பதினாலுல ஒண்ணு வந்துருச்சு போல!"

"எழுதிக்கப்பா, குரைக்கிற நீர்நாய்னு!"

அவன் உட்கார்ந்துவிட்டான். காதுவரை சிவந்திருந்தது. அவர்களிடம் இரண்டு வார்த்தை கெட்டதாகவே பேசினேன். அப்புறம் அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்று பிற்பகல் அறைக்குப் போனேன். பீரோவைத் திறந்து பழைய பதிவேடுகளை எல்லாம் தரையில் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் இருந்த காவலர், அவருக்கு முன்னால், அதற்கும் முன்னால். செல்லரித்து, தொட்டால் உதிர்ந்தது. அந்த நாளில் அச்சடித்த அதே கட்டங்கள்தான் இன்றைக்கும்: முதலை, மான், ஓநாய், கழுதைப்புலி, நீர்நாய். இவன் பதிவேட்டில் நீர்நாயைத் தவிர மற்ற நாலு கட்டத்திலும் ஒரு சின்னக் கோடு இருக்கும். இல்லாத ஓநாய்க்குத் தினமும் ஒரு கோடு. எனக்கு அது வேடிக்கையாக இருக்கும், எதற்கு இந்தக் கட்டத்தை இன்னும் அச்சடிக்கிறார்கள் என்று.

"இதப் பாருங்க மச்சான்."

எல்லாவற்றிலும் பழையது. நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். நீர்நாய்க் கட்டத்தில் யாரோ ஒரு காவலர் சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தார்: 'எண்ணி முடியவில்லை.' அடுத்த புத்தகத்தில் 'கூட்டம் கூட்டமாக.' அதற்கடுத்து எண்பது. அப்புறம் நாற்பது சொச்சம். ஓநாய்க் கட்டத்தில் இருபது, ஒன்பது, இரண்டு. இரண்டுக்குக் கீழே மேற்படி. எத்தனை பக்கம் என்று புரட்டினேன். ஆறு வருஷம் மேற்படி. அதற்கப்புறம் கோடு.

"நான் மட்டும் இல்ல மச்சான்," என்றான். ஆறுதலாகச் சொன்னானா, பயந்து சொன்னானா தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியும் படகில் ஏறிக்கொண்டாள். "மூணு ஜோடிக் கண்ணு போட்டாவது தேடலாம். இவரு வீட்ல சோத்தப் பெசஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, தொண்டையில எறங்கல." வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். "பதினோரு வருஷமாத் தலையத் தூக்கிப் பாத்திருந்தா இப்போ பாறைய மோந்து பாக்க வேண்டியதில்ல." ஆனால் கண்ணை நாணலிலிருந்து எடுக்கவில்லை. அன்றும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை மழை. நனைந்துகொண்டே போனோம். பார்க்கவில்லை. திரும்பியதும் அவன் கரையில் இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நானும் அவனும் மட்டும்தான் போனோம், வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. படகைப் பாறைக்கு எதிரே நாணலுக்குள் செருகிவிட்டு மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் இருந்தோம். முதலில் கேட்டது சத்தம்தான். மெலிசான விசில் மாதிரி ஒரு சத்தம். அவன் விரல்கள் என் மணிக்கட்டை நெரித்தன.

தண்ணீரிலிருந்து அது பாறைமேல் ஏறியது. கிழடு. மூஞ்சி நரைத்து, ஒரு காது கிழிந்து, இடுப்பு எலும்பு தெரிந்தது. உடம்பை உதறிக்கொண்டது. கழுத்தை நீட்டி மறுபடி விசில் அடித்தது. பிறகு அசையாமல் கேட்டது. நீர்நாய்கள் ஒன்றை ஒன்று அப்படித்தான் கூப்பிடும், சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஒன்று அடித்தால் அங்கிருந்து இன்னொன்று அடிக்கும், ஏரியே விசிலாக இருக்கும். இது கூப்பிட்டது, காத்திருந்தது, தலையைத் திருப்பி வேறு பக்கம் கூப்பிட்டது. எந்தப் பக்கமிருந்தும் ஒன்றும் வரவில்லை. எட்டு தடவை எண்ணினேன். ஒன்பதாவதுக்கு வாயைத் திறந்து, சத்தம் போடாமலே மூடிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது.

மேற்படி முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். எனக்கு என் துடுப்பு ஞாபகம் வந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

என் போனில் படம் எடுத்திருந்தேன். வெளிச்சம் போதாததில் பாறையும் மூட்டமும் அதில் ஒரு கறுப்புத் திட்டும்தான் விழுந்திருந்தன. பரவாயில்லை, பதிவேடு இருக்கிறது என்றான். ஓடிப்போய் எழுதினான்: 'ஒன்று. கண்ணால் பார்த்தேன்.' கீழே சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், ஆனாலும் போட்டேன்.

புதன்கிழமை அந்த அம்மா வந்தார். கூடவே பெரிய அதிகாரியும் வந்தார், அவரோடு நாலைந்து பேர். பெரியவர் இரும்பு மேசையில் உட்கார்ந்து பதிவேட்டைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார்.

"போன வாரம் வரைக்கும் பதினாலு. நாணல வெட்டப் போறோம்னதும் அஞ்சு நாள் பார்க்கவில்லை. அப்புறம் ஒண்ணு. கணக்கா விதிக்கு வேணுங்கிற மாதிரி ஒண்ணு. யாருப்பா சொல்லிக் குடுத்தா?"

அந்த அம்மா குனிந்துகொண்டார்.

"ஐயா, பதினாலு பொய். இந்த ஒண்ணுதான் நெசம்," என்றான் மேற்படி.

"பதினாலு பொய்னு எழுதிக் குடுப்பியா?"

"குடுக்கிறேன் ஐயா."

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கேட்கவில்லை. பதினோரு வருஷமும் பார்க்காமல் எழுதினேன் என்று எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் போட்டுக் கொடுத்தான். பெரியவர் வாங்கி மடித்துக்கொண்டார்.

"சரி. பொய்னு நீயே ஒத்துக்கிட்ட. அப்ப இந்தப் புத்தகம் செல்லாது. செல்லாத புத்தகத்துல எழுதுன ஒண்ணு மட்டும் எப்படிச் செல்லும்?"

மேற்படி பதிவேட்டைத் திருப்பிக் கடைசி வரியில் விரலை வைத்தான்.

"சாட்சிக் கையெழுத்து இருக்கு சார்," என்றார் அந்த அம்மா.

"யாரு இது?"

"என் மச்சான் ஐயா."

பெரியவர் சிரித்தார், கூட வந்தவர்களும் சிரித்தார்கள். என் போனை நீட்டினேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். "கட்டை," என்றார்.

அந்த அம்மாவின் வற்புறுத்தலுக்காகப் படகில் ஏறி வந்தார்கள். எட்டு பேர். ஒருவர் போன் அடித்தது, ஒருவர் தும்மினார், ஒருவர் இங்கே எத்தனை படகு நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டார். மத்தியானம்வரை இருந்தோம். அது வரவில்லை. எப்படி வரும்? பாறைமேல் புது எச்சம் கிடந்தது, செதிலோடு. மேற்படி இரண்டு கையாலும் காட்டினான். அந்த அம்மா அதை ஒரு பையில் எடுத்துக்கொண்டார். பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏதாவது நாய் போட்டிருக்கும்," என்றார். மதகுக்காரர் நாயின் கதையை யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை இயந்திரம் வந்தது. இரண்டு நாள் வேலை. நாணலைச் சுருட்டிச் சுருட்டிக் கரையில் குவித்தார்கள். பாறையை உடைத்தார்கள். மேற்படி இரண்டு நாளும் வெயிலில் நின்று பார்த்தான். குவியல் ஒவ்வொன்றையும் கையால் கிளறினான், செத்துக் கிடக்கிறதா என்று. கிடைக்கவில்லை. ஓடிப்போயிருக்கலாம். ஆனால் இந்த ஏரியில் எங்கே? இரண்டாம் நாள் சாயங்காலம் என்னிடம் வந்து, "கூப்பிட்டதுக்கு நாமளாவது ஒரு சத்தம் குடுத்திருக்கலாம் மச்சான்," என்றான். இன்ஜினைக் கிளப்பினேன்.

மேற்படிக்கு வேலை போகவில்லை. பழைய பதிவேடுகளை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை புதுப் பதிவேடு வந்தது. பளபளப்பான அட்டை. திறந்தால் மூன்றே கட்டம்: தேதி, காற்று, நீர்மட்டம். ஓநாயும் இல்லை, கழுதைப்புலியும் இல்லை, நீர்நாயும் இல்லை. இனி யாரும் கோடு போட வேண்டியதில்லை.

அவன் ஓர் அளவுகோலை வைத்து நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டான். மேலே நீர்நாய் என்று எழுதினான். தினமும் விடிந்ததும் படகில் வருகிறான். புதுப் படகுத்துறையின் இரும்புத் தூண்களைச் சுற்றி ஒரு சுற்று, பிறகு ஏரி முழுக்க ஒரு சுற்று. நான் வாடிக்கைக்காரர்களைக் காக்க வைத்துவிட்டுத்தான் கூட்டிப்போகிறேன். அவர்கள் திட்டுகிறார்கள், திட்டட்டும்.

நேற்று சாப்பாடு கொண்டுவந்த தங்கச்சி அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அதான் இல்லன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. மேற்படின்னு போட்டுட்டு வந்து ரெண்டு வாய் சாப்பிடக் கூடாதா? ஆறிப்போகுது."

அவன் பேனாவை எடுத்தான். கையால் போட்ட கட்டம் ஒடுக்கமாக இருந்தது, வார்த்தை அதில் அடங்கவில்லை. 'பார்க்க' என்று ஒரு வரியில் எழுதி, அதற்குக் கீழே 'வில்லை' என்று எழுதினான். மை காயும்வரை ஊதினான். பிறகு கை கழுவப் போனான்.